வேலிக்கு ஓணான் சாட்சியா?



அடுத்த செமஸ்டரிலிருந்து ஒரு புதுச் சட்டம் வருது என்று வைத்துக்கொள்வோம். பரீட்சை எழுதினவனே தன் விடைத்தாளைத் திருத்திக்கொள்ளலாம். விடைக்குறிப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. அவன் எழுதியிருப்பதுதான் விடைக்குறிப்பு! எத்தனை பேருக்கு அரியர் விழும்? ஒருத்தருக்கும் விழாது. வாசலில் 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று பேனர் கட்டலாம். ஆனால் அந்தப் பேனரை நம்பி எந்தக் கம்பெனியும் நம்மைக் கூப்பிட்டு வேலை கொடுக்காது. அது நமக்கே தெரியும்.

சிரிக்காதீர்கள். இன்றைக்கு சாஃப்ட்வேர் உலகத்தில் கிட்டத்தட்ட இதே சட்டம்தான் சத்தமில்லாமல் நுழைந்துகொண்டிருக்கிறது. புரோகிராமை எழுதுவதும் மெஷின். அதைச் சோதிக்கும் டெஸ்டை எழுதுவதும் மெஷின். 'இதுதான் சரியான விடை' என்று தீர்ப்புச் சொல்வதும் அதே மெஷின். முதல் இரண்டைப் பற்றி எனக்குப் பெரிய சண்டை இல்லை. மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கணிப்பொறிப் பிரிவுக்காரன் ஏதோ எழுதியிருக்கான் என்று மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். விஷயம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கேஜ் யாருடையது?

மெக்கானிக்கல் பிரிவு நண்பர்களுக்கு கோ, நோ-கோ கேஜ் தெரியும். துளை போட்ட ஜாப்பில் ஒரு முனை உள்ளே போகணும், மறுமுனை போகக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் ஜாப் பாஸ். இல்லாவிட்டால் ஒதுக்கு. வெர்னியரை வைத்து அளந்துகொண்டே இருக்க வேண்டாம். ஆயிரம் ஜாப்பானாலும் நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

சாஃப்ட்வேரில் அந்த கேஜுக்குப் பெயர்தான் 'அசெர்ஷன்'. ஒரு டெஸ்டில் மூன்று காரியம் நடக்கும். முதலில் உள்ளீட்டைத் தயார் செய்கிறோம். பிறகு புரோகிராமை ஓட்டுகிறோம். கடைசியாக, வந்த விடை இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்லுகிறோம். அந்தக் கடைசி வரிதான் அசெர்ஷன். விடை பொருந்தினால் பச்சை, பொருந்தாவிட்டால் சிவப்பு. 1997-ல் ஜூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குப் போகும் விமானத்தில் உட்கார்ந்துகொண்டு கென்ட் பெக், எரிக் காமா என்ற இருவர் 'ஜேயூனிட்' என்ற கருவியை எழுதினார்கள். ஜாவாவில் இந்த வகை டெஸ்ட் பிரபலமானது அதற்குப் பிறகுதான்.

இப்போது ஒரு கேள்வி. கேஜை எதைப் பார்த்துச் செய்யணும்? டிராயிங்கைப் பார்த்தா, ஜாப்பைப் பார்த்தா? முதலாமாண்டு பையனைக் கேட்டாலும் டிராயிங் என்பான். கடைந்து முடித்த ஜாப்பை அளந்து, அந்த அளவுக்கு ஒரு கேஜ் செய்து, அதே ஜாப்பில் நுழைத்துப் பார்த்து 'ஆகா, பொருந்துது' என்று சொன்னால் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் என்ன சொல்லுவார் என்பதை இந்த மலரில் அச்சிட முடியாது!

கரண்ட் பில் கணக்கு

வீட்டுக்கு வீடு தெரிந்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின் கட்டணம் மாறியது. பின்னால் விகிதம் மறுபடி மாறிவிட்டது. இருந்தாலும் கணக்குக்கு அந்த விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை செலவழித்த வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம்; அடுத்த 100-க்கு யூனிட் 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகை பறிபோகும். 101-லிருந்து 400 வரை முழுக்க 4.50, 401 முதல் 500 வரை 6, அதற்கு மேல் 8 என்று ஏறும்.

சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு என்ன பில்? 225, 900, 600. கூட்டினால் 1725 ரூபாய். 501 யூனிட் ஓடினால்? 1350, 600, 8. ஆக 1958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் வித்தியாசம்! இரவில் லைட்டை அணைக்கச் சொல்லி அம்மா சத்தம் போடுவதில் எவ்வளவு பொருளாதாரம் இருக்கு பாருங்கள்.

இந்தக் கணக்கை நம்மில் ஒருவர் புரோகிராமாக எழுதுகிறார் என்று கற்பனை செய்வோம். '500-க்குச் சமம் அல்லது குறைவு' என்று போட வேண்டிய இடத்தில் '500-க்குக் குறைவு' என்று மட்டும் போட்டுவிட்டார். ஒரு சின்ன சமக்குறிதான் விட்டுப்போச்சு. இப்போது சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1950 ரூபாய் பில் வரும். 225 ரூபாய் அதிகம். 499-க்கும் சரி, 501-க்கும் சரி, பில் ஒழுங்காகவே வரும். 500-ல் மட்டும் குழி!

டெஸ்ட் எழுதும் ஆள் கட்டண ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு, பேப்பரில் கணக்குப் போட்டு, '500 யூனிட்டுக்கு 1725' என்று அசெர்ஷன் எழுதினால் டெஸ்ட் சிவப்பாகும், தப்பு பிடிபடும். அதே ஆள் புரோகிராமை ஓட்டிப் பார்த்து, அது கக்கின 1950-ஐ எடுத்து '500 யூனிட்டுக்கு 1950' என்று எழுதினால்? டெஸ்ட் பச்சை! தப்பு பிடிபடாதது மட்டுமில்லை. அந்தத் தப்புக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையே குத்தியாச்சு. நாளைக்கு ஒரு நல்ல மனுஷன் வந்து சமக்குறியைச் சேர்த்தால், டெஸ்ட் சிவப்பாகி 'நீதான் கெடுத்தே' என்று அவனைத் திட்டும்!

முகம் பார்த்துக் குறி சொல்லுதல்

சோதனைத் துறையில் இந்தச் சிக்கலுக்கு ரொம்ப நாளாகவே ஒரு பெயர் உண்டு. 'டெஸ்ட் ஆரக்கிள்' பிரச்சினை என்பார்கள். 1978-ல் வில்லியம் ஹவ்டன் என்பவர் இந்தச் சொல்லைச் சோதனைத் துறைக்குக் கொண்டுவந்தார். ஆரக்கிள் என்றால் குறி சொல்பவர். எது சரியான விடை என்று சொல்லத் தெரிந்தவர். அப்படி ஒருவர் கிடைக்காத புரோகிராம்களை என்ன செய்வது என்று 1982-ல் எலெய்ன் வெய்யூக்கர் என்ற அம்மையார் ஒரு கட்டுரையே எழுதினார்.

குறி சொல்வது நமக்குப் புதுசா? திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி பிறந்த மண் இது! வசந்தவல்லி வாய் திறந்து சொல்லாததைக் குறத்தி அவள் கையைப் பார்த்து, முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறாள். இலக்கியத்தில் அது அழகு. ஆனால் குறத்தி சொல்வது எதை? வசந்தவல்லியின் மனசில் இருப்பதை. அவள் மனசில் இருப்பது நியாயமா, நடக்குமா என்பது குறத்தியின் வேலை இல்லை. மெஷின் எழுதும் அசெர்ஷனும் இந்தக் குறி மாதிரிதான். புரோகிராமின் முகத்தைப் பார்த்து அதன் மனசில் இருப்பதைச் சொல்லும். புரோகிராம் மனசில் தப்பு இருந்தால், அந்தத் தப்பையும் தப்பில்லாமல் சொல்லும்!

இந்தக் கருவிகள் வளர்ந்த கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 2011-ல் கார்டன் ஃப்ரேசர், ஆண்ட்ரியா ஆர்குரி இருவரும் 'இவோசூட்' என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். அது மெஷின் லேர்னிங் இல்லை. தேடிப் பார்க்கும் முறை. புரோகிராமை ஓட்டி, வந்த விடையைக் குறித்துக்கொண்டு, அதையே அசெர்ஷனாக எழுதும். நேற்று வந்த விடை இன்றைக்கும் மாறாமல் வருதா என்று பார்க்க இது ரொம்ப உபயோகம். நேற்று வந்ததே தப்பா என்று பார்க்க உபயோகமில்லை.

2020-ல் அமெரிக்காவிலும் சுவிட்சர்லாந்திலும் உள்ள ஐந்து ஆராய்ச்சியாளர்கள் 'அட்லஸ்' என்ற ஒன்றை வெளியிட்டார்கள். கிட்ஹப்பில் கிடக்கும் ஆயிரக்கணக்கான ஜாவா ப்ராஜெக்டுகளிலிருந்து, மனுஷன் கைப்பட எழுதிய டெஸ்டுகளை அள்ளி ஒரு நியூரல் நெட்வொர்க்குக்குப் பாடம் சொன்னார்கள். அசெர்ஷன் வரியை மறைத்துவிட்டு 'இங்கே என்ன வரணும்?' என்று கேட்டார்கள். கோடிட்ட இடத்தை நிரப்புக! முதல் முயற்சியிலேயே மனுஷன் எழுதியதை அச்சு அசலாக எழுதியது சுமார் 31 சதவீதம். ஐந்து விடை சொல்ல அனுமதித்தால் அதில் ஒன்று பொருந்தியது சுமார் 50 சதவீதம். அந்தக் காலத்துக்குப் பெரிய சாதனை. நான் மறுக்கவில்லை.

2022-ல் 'டோகா' வந்தது. இது புரோகிராமின் பெயர், அதன் மேல் எழுதியிருக்கும் விளக்கக் குறிப்பு இதையெல்லாம் பார்த்து அசெர்ஷனைத் தேர்ந்தெடுக்கும். உண்மையான தப்புகள் சேர்த்து வைத்த ஒரு தொகுப்பில் 57 தப்புகளைப் பிடித்தது. அதில் 30 தப்புகள் ஒப்பிட்டுப் பார்த்த வேறு எந்தத் தானியங்கி முறைக்கும் அகப்படாதவை. கைதட்டலாம்! ஆனால் 2023-ல் வேறொரு குழு அதே டோகாவைப் பெரிய அளவில் உரசிப் பார்த்தது. எந்த வகை அசெர்ஷன் வேணும் என்பதையே 24 சதவீதம் தடவை தப்பாக முடிவு செய்தது. சரியாக முடிவு செய்த இடத்திலும் சுமார் 62 சதவீதம் தடவை, தைரியம் போதாமல் ஒன்றும் எழுதவில்லை. எழுதியவற்றில் 47 சதவீதத்துக்கு மேல் பொய்க் குற்றச்சாட்டு. அதாவது தப்பில்லாத இடத்தில் தப்பு என்று கூவியது.

பிறகு பெரிய மொழி மாதிரிகளின் காலம். 2024-ல் மெட்டா கம்பெனி தன் அனுபவத்தை வெளியிட்டது. இன்ஸ்டாகிராம் சார்ந்த பகுதிகளில் அவர்களுடைய கருவி எழுதிய டெஸ்டுகளில் 75 சதவீதம் பிழையில்லாமல் கம்பைல் ஆனது. 57 சதவீதம் நம்பகமாகப் பாஸ் ஆனது. 25 சதவீதம் இதுவரை டெஸ்ட் தொடாத வரிகளைத் தொட்டது. அது சிபாரிசு செய்தவற்றில் 73 சதவீதத்தை எஞ்சினியர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

நல்லாக் கவனியுங்கள். 'நம்பகமாகப் பாஸ் ஆனது' என்பது அங்கே சல்லடை. ஃபெயில் ஆன டெஸ்டை வடிகட்டி வெளியே போட்டுவிடும். கையிருப்புப் புரோகிராம் சரி என்று வைத்துக்கொண்டு, நாளைக்கு அது கெட்டுப்போகாமல் காக்கத்தான் அந்தக் கருவி. அந்த வேலைக்கு அது நியாயம். ஆனால் நம்ம மின் கட்டணப் புரோகிராமில் '500-க்கு 1725' என்று மெஷினே புத்திசாலித்தனமாக எழுதியிருந்தாலும், அந்த டெஸ்ட் ஃபெயில் ஆகும். ஃபெயில் ஆனதால் குப்பைக்குப் போகும். உண்மையைச் சொன்ன ஒரே சாட்சியை வெளியே அனுப்பிவிட்டு, மற்றவர்களை வைத்து வழக்கு நடத்தினால் தீர்ப்பு எப்படி இருக்கும்?

நம்ம ஊரில் இதற்கு மூன்றே வார்த்தையில் பழமொழி இருக்கு: வேலிக்கு ஓணான் சாட்சி!

வளைவைத் தாண்டிய தண்ணி

'சும்மா பத்து இருபது ரூபாய் பில் விஷயம், இதுக்குப் போய் இவ்வளவு ஆவேசமா?' என்று கேட்கலாம். குற்றாலத்துக்குப் போவோம்.

மெயினருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு இருக்கிறது. தண்ணீர் அந்த வளைவைத் தாண்டிக் கொட்டினால் குளிக்கத் தடை. மே மாதமோ ஐப்பசியோ, வந்திருப்பது மந்திரியோ மாமனாரோ, தடை தடைதான். என் பார்வையில் தென்காசி மாவட்டத்திலேயே பழகிப்போன அசெர்ஷன் அதுதான்! அந்த விதி எங்கிருந்து வந்தது? 'இத்தனை நாள் இத்தனை பேர் குளிச்சாங்க' என்ற புள்ளிவிவரத்திலிருந்தா? இல்லை. 'ஒரு உயிரும் போகக் கூடாது' என்ற முடிவிலிருந்து வந்தது. அருவியைப் பார்த்து எழுதின விதி இல்லை அது. அருவிக்கு எதிராக எழுதின விதி.

2024 மே 17-ஆம் தேதியை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். சீசன் தொடங்காத நேரம். மலைக்கு மேல் பெய்த கோடை மழையில் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து, படிக்கட்டெல்லாம் ஆறாக ஓடியது. திருநெல்வேலியிலிருந்து வந்த 17 வயது மாணவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். நம்ம வயசுப் பையன்.

ஒரு கற்பனை. அருவிக்கரையில் காமிரா வைத்து, வெள்ளம் வந்தால் சங்கு ஊதும் ஒரு சாஃப்ட்வேரை நம் பிரிவில் யாரோ ப்ராஜெக்டாகச் செய்கிறார்கள். அதற்கு டெஸ்ட் எழுதும் வேலையை மெஷினிடம் விட்டுவிட்டார்கள். மெஷின் பழைய மே மாதப் பதிவுகளைப் படிக்கும். மே மாதம் என்றால் அருவியில் தண்ணீர் குறைவு, ஆபத்தில்லை, சங்கு ஊதவில்லை. ஆகவே 'மே மாதத்தில் சங்கு ஊதக் கூடாது' என்று அசெர்ஷன் எழுதும். எல்லா டெஸ்டும் பச்சை. வைவாவில் எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் பாராட்டி ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு போடுவார். மே 17 மாதிரி ஒரு நாள் வரும்போதும் எல்லாம் பச்சையாகவே இருக்கும், சங்கு மட்டும் ஊதாது.

அபூர்வமாக நடப்பது எந்தப் புள்ளிவிவரத்திலும் பெரும்பான்மையாக இருக்காது. உயிர் போவதோ அந்த அபூர்வத்தில்தான். அதை அறிந்தவன் காட்டிலாகா வாட்சர். அருவிக்கரையில் கடை போட்டிருக்கும் அண்ணாச்சி. மேலே மழை இருட்டினாலே 'எல்லாரும் வெளிய வாங்க' என்று சத்தம் போடும் போலீஸ்காரர். அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு, அதை ஒரு வரி அசெர்ஷனாக எழுதுவது இருக்கிறதே, அதுதான் எஞ்சினியரிங்.

கம்ப்யூட்டர் சொன்னதையே சாட்சியாக எடுத்துக்கொண்டால் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு பிரிட்டன் தபால்துறையே பாடம். 1999-லிருந்து அங்கே ஃபுஜிட்ஸு செய்து கொடுத்த 'ஹொரைசன்' சாஃப்ட்வேரில் கணக்கு எழுதினார்கள். பெட்டியில் இருக்கும் பணமும் கம்ப்யூட்டர் சொல்லும் பணமும் ஒத்துப்போகாதபோது, கம்ப்யூட்டர் தப்பாக இருக்காது, போஸ்ட் மாஸ்டர்தான் திருடியிருப்பார் என்று முடிவு கட்டினார்கள். 900-க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். இந்திய வம்சாவளியினரும் அதில் உண்டு. சிலர் ஜெயிலுக்கே போனார்கள். சாஃப்ட்வேரில்தான் கோளாறு என்று 2019-ல் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024-ல் தனிச் சட்டம் போட்டுத்தான் பெரும்பாலான தண்டனைகளை ரத்து செய்தார்கள். இடையில் போன இருபத்தைந்து வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

மத்தளம்பாறையும் நம்ம வயிறும்

இனி வேலை விஷயத்துக்கு வருவோம். ஹாஸ்டல் வராந்தாவில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

"எலேய், டெஸ்டிங் கோர்ஸ் எதுக்குலே படிக்க? அதெல்லாம் ஏஐ பாத்துக்கிடும்லா!"

"அப்ப நாம என்னலே செய்ய?"

"அது எழுதுததை ஓகே குடுக்க வேண்டியதுதான்."

ஓகே கொடுப்பது மட்டும்தான் வேலை என்றால், அந்த வேலைக்கு யாரும் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க மாட்டார்கள் தோழர்களே!

நம் அதிர்ஷ்டம், சாஃப்ட்வேர் பார்க்க நாம் சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை. தென்காசியிலிருந்து கொஞ்ச தூரத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011-லேயே அலுவலகம் திறந்தது. அப்போது இது தனி மாவட்டம்கூட இல்லை. அது 2019 நவம்பரில்தான். உலகம் பூரா கம்பெனிகள் வாங்கி உபயோகிக்கும் 'ஜோஹோ டெஸ்க்' இந்த வயல்வெளி நடுவே வளர்ந்த சரக்கு. அவர்களுடைய பயிற்சிப் பள்ளி, பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமாவோ முடித்தவர்களையும் எடுத்துப் பயிற்சி கொடுக்கிறது. அதற்கு இங்கேயும் கிளை உண்டு. பெரிய பட்டம் இருந்தால்தான் புரோகிராம் எழுத வரும் என்ற எண்ணத்தை அங்கே உடைத்தார்கள். அதே நிறுவனம் 2025 ஜூலையில் 'ஸியா' என்ற பெயரில் தன் சொந்த மொழி மாதிரியையும் அறிவித்தது. ஆக, மெஷின் லேர்னிங் என்பது ஏதோ அமெரிக்கா விவகாரம் இல்லை. ஷேர் ஆட்டோ போகும் தூரத்தில் நடக்கும் விவகாரம்.

இப்படிப்பட்ட இடத்துக்கு நாம் எதை எடுத்துக்கொண்டு போகப்போகிறோம்? டெஸ்ட் எழுதத் தெரியும் என்றா? அதை மெஷின் நிமிஷத்துக்கு நூறு எழுதும். 'எது சரி என்று கேட்டுத் தெரிந்து, எழுதிக் காட்டத் தெரியும்' என்று சொன்னால்தான் நமக்கு மதிப்பு. நெல் கொள்முதல் கணக்கோ, ரேஷன் கடைக் கணக்கோ, தேங்காய் மண்டிக் கமிஷன் கணக்கோ, இவற்றில் எது சரி என்பது இந்த ஊர்க்காரனான உங்களுக்குத் தெரியும். கிட்ஹப்பை மட்டும் படித்த மெஷினுக்கு மண்டிக் கமிஷன் பற்றி என்ன தெரியும்?

அப்படியானால் மெஷின் வேண்டாமா?

அப்படிச் சொல்ல வரவில்லை. டிராக்டர் வந்த பிறகு கலப்பைதான் உசத்தி என்று பிடிவாதம் பிடிக்கிறவன் இல்லை நான். எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மனுஷனுக்குச் சலிப்பு வரும். நூறாவது டெஸ்டில் கவனம் சிதறும். மெஷினுக்குச் சலிப்பில்லை. நாம் நினைத்தே பார்க்காத உள்ளீட்டை அது போட்டுப் பார்க்கும். காலியான பட்டியல், மைனஸ் எண், ஆயிரம் எழுத்துப் பெயர் என்று குடைந்து எடுக்கும். இன்னும் ஒன்று: கட்டண விதியை ஒழுங்காக எழுதிக் கொடுத்துவிட்டு அசெர்ஷன் கேட்டால், வெறும் புரோகிராமை மட்டும் கொடுத்துக் கேட்டதைவிட நன்றாகவே எழுதும். டோகா விளக்கக் குறிப்பைப் படித்ததும் அதற்காகத்தான்.

இந்தக் கடைசிப் பாயிண்டிலேயே என் கட்சி அடங்கியிருக்கிறது. விதியை எழுதிக் கொடுத்தால்! அதை எழுதிக் கொடுப்பது யார்? அது நம் வேலை. டிராயிங்கை நாம் போடுவோம். கேஜை வேண்டுமானால் மெஷின் கடையட்டும். ஜாப்பை அளந்து கேஜ் செய்யும் வேலை மட்டும் வேண்டாம்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? நாலு வழக்கங்களைச் சொல்கிறேன். காசு செலவில்லை.

ஒன்று, எந்தப் புரோகிராமையும் ஓட்டுவதற்கு முன்னால், எதிர்பார்க்கும் விடையைப் பேப்பரில் எழுதிவிடுங்கள். ஓட்டின பிறகு எழுதினால் கை தானாகவே ஸ்கிரீனைப் பார்த்துக் காப்பியடிக்கும்.

இரண்டு, வரம்போரத்தில் சோதியுங்கள். வயலில் தண்ணி உடைத்துக்கொண்டு போவது நடுவிலா, வரப்பிலா? 499, 500, 501 மூன்றையும் போடுங்கள். 250-ஐ பத்துத் தடவை போடுவதால் பிரயோசனம் இல்லை.

மூன்று, வேண்டுமென்றே புரோகிராமைக் கெடுத்துப் பாருங்கள். ஒரு சமக்குறியை எடுத்துவிடுங்கள், ஒரு கூட்டலைக் கழித்தல் ஆக்குங்கள். அப்போதும் டெஸ்ட் பச்சையாகவே இருந்தால் அந்த டெஸ்ட் தூங்குகிறது என்று அர்த்தம். 'மியூட்டேஷன் டெஸ்டிங்' என்ற இந்த முறையை 1978-லேயே டிமில்லோ, லிப்டன், சேவார்டு மூவரும் எழுதி வைத்துவிட்டார்கள். மெஷின் எழுதிய டெஸ்டைத் திருத்த நம்மிடம் இருக்கும் சிறந்த பிரம்பு இது. எத்தனை வரிகளை டெஸ்ட் தொட்டது என்ற சதவீதத்தைப் பார்த்து மட்டும் மயங்க வேண்டாம். எல்லா வீட்டுக் கதவையும் தட்டிவிட்டு, ஒரு வீட்டிலும் ஒன்றும் விசாரிக்காமல் வந்தவன் சர்வே எடுத்தவன் ஆகமாட்டான்.

நான்கு, மெஷின் எழுதிய ஒவ்வொரு அசெர்ஷனுக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: 'இது எந்த விதியிலிருந்து வந்தது?' பதில் அரசாணை, வாடிக்கையாளர் சொன்னது, பாடப்புத்தகச் சூத்திரம் என்று இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். 'புரோகிராம் அப்படித்தான் சொல்லுது' என்பதுதான் பதில் என்றால், அதைத் தனியாக ஒரு ஃபைலில் போட்டு 'பழைய நடத்தை' என்று பெயர் எழுதுங்கள். 'சரி' என்று எழுதாதீர்கள். பழைய நடத்தையைப் பதிந்து வைப்பது குற்றமில்லை. அதற்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுப்பதுதான் குற்றம்.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

எந்தப் பாலிடெக்னிக் மாணவனின் ரெக்கார்டு நோட்டை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு எக்ஸ்பெரிமென்ட் கடைசியிலும் 'முடிவு' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே, 'இவ்வாறாக மேற்கண்ட புரோகிராம் இயக்கப்பட்டு விடை சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு வரி. பல நோட்டுகளில் அந்த வரி புரோகிராம் ஓடுவதற்கு முதல் நாள் ராத்திரியே எழுதப்பட்டிருக்கும்! மெஷின் லேர்னிங் பிறப்பதற்கு முன்னாலேயே தானியங்கி அசெர்ஷனை நடைமுறைக்குக் கொண்டுவந்த பெருமை டிப்ளமா மாணவ சமுதாயத்துக்கே உரியது!

சிரித்தாச்சா? இனி வேண்டுகோள். அந்த ஒற்றை வரிக்குப் பதிலாக மூன்று கட்டம் உள்ள ஒரு சின்ன அட்டவணை வேண்டும் என்று நம் மாணவர் பேரவை ஆசிரியர்களிடம் கேட்க வேண்டும்: உள்ளீடு, எதிர்பார்த்த விடை, வந்த விடை. நடுக் கட்டம் லேபுக்குள் நுழையும் முன்பே நிரப்பப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவதாக, மினி ப்ராஜெக்டில் ஒரு டீம் செய்த புரோகிராமுக்கு வேறொரு டீம் டெஸ்ட் எழுதட்டும். அவனவன் பிள்ளையை அவனவன் மெச்சிக்கொள்வது இயற்கை. அடுத்த வீட்டுக்காரன் கண்ணுக்குத்தான் குறை தெரியும். மூன்றாவதாக, ஏஐ கருவியை லேபில் ஒளிந்து ஒளிந்து உபயோகிக்கும் நிலை வேண்டாம். வெளிப்படையாகவே உபயோகிப்போம். அது எழுதிய பத்து அசெர்ஷனில் எது தப்பு, ஏன் தப்பு என்று எழுதிக் காட்டுகிறவனுக்கு மார்க் போடுங்கள். அந்தப் பரீட்சையில் பாஸ் ஆனவனை எந்தக் கம்பெனியும் திருப்பி அனுப்பாது.

சிவில் நண்பர்களே, 28 நாள் தண்ணீரில் ஊறிய கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்க்காமல் 'எம்-20 தான், பார்த்தாலே தெரியுது' என்று நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா? எம்-20 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கணும் என்பதைக் கான்கிரீட் முடிவு செய்யவில்லை. மனுஷன் முடிவு செய்தான். அதன் அடியில் குடியிருக்கப்போகிறவர்களை நினைத்து முடிவு செய்தான். நம் பிரிவிலும் அந்தப் பொறுப்பை மெஷின் தலையில் கட்டிவிட்டு நழுவ வேண்டாம் என்பதுதான் என் வாதம்.

மெஷின் வேலை செய்யட்டும், வேகமாகவே செய்யட்டும். 'இது சரி' என்று கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் ஒரு மனுஷன் பேர் இருக்கணும். அந்தப் பேர் உங்கள் பேராக இருக்கட்டும்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறிப் பிரிவு